இளைஞர்களுக்கான துணைச்சேவை வீடுகள்: அங்கே வாழ்ந்தவர்களே ஏன் ஆய்வாளர்களாக வேண்டும்?

வீடில்லாத இளைஞர்களுக்கான ஒரு குடியிருப்புத் திட்டத்தைப் பல்கலைக்கழகமும் உள்ளூர் மக்களும் சேர்ந்து ஆராயப்போவதாகச் செய்தி வந்தால், படிப்பவருக்கு இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. வீடில்லாதவருக்கு வீடு கொடுத்தால் போகிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது? அப்படியே ஆராய்ந்தாலும், படித்த நிபுணர்கள் இருக்கும்போது 19 வயதுப் பெண்ணையும் அதே தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மனிதரையும் எதற்கு ஆய்வுக் குழுவில் சேர்க்கிறார்கள்?

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவதற்குப் பலரும் சொல்லும் பதில், “அவர்களையும் மதிக்க வேண்டும் அல்லவா” என்பது. அது உண்மைதான், ஆனால் போதாது. இந்தத் துறையில் எண்ணிக்கை முதல் வீட்டு விதிகள் வரை பல இடங்களில் தவறான விடை வந்ததற்குக் காரணம், கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டதுதான். பங்கேற்பு இல்லாமல் போனால் ஆய்வின் முடிவே பிழையாகிவிடுகிறது. எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

துணைச்சேவை வீடு என்றால் என்ன?

கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு வீடு அல்லது அறை. அதோடு, வேண்டும்போது கிடைக்கும் ஆள் உதவி. இரண்டும் சேர்ந்ததுதான் துணைச்சேவை வீட்டுவசதி. ஆள் உதவியில் மனநல ஆலோசனை, விட்ட படிப்பைத் தொடர வழி, வேலை தேட உதவி, அடையாள ஆவணங்கள், வங்கிக் கணக்கு, வீட்டு உரிமையாளரோடு பிரச்சினை வந்தால் பேசித் தீர்க்க ஒருவர் எனப் பலவும் அடங்கும். இரவுத் தங்குமிடத்தில் கிடைப்பது ஒரு படுக்கை. காலையில் எழுந்து வெளியேற வேண்டும். துணைச்சேவை வீட்டில் சாவி குடியிருப்பவர் கையில் இருக்கும். பெரும்பாலும் வாடகை ஒப்பந்தமும் அவர் பெயரிலேயே இருக்கும்.

இங்கே ‘இளைஞர்’ என்பது பொதுவாக 16 முதல் 24 அல்லது 25 வயது வரை உள்ளவர்களைக் குறிக்கிறது. அவர்களுக்கான ஏற்பாடுகள் மூன்று வடிவங்களில் இருக்கின்றன.

1. ஒரே கட்டடம். தனித்தனி அறைகள், பொதுச் சமையலறை, கட்டடத்திலேயே ஊழியர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரான்சில், வேலை தேடி ஊர்விட்டு வந்த இளம் தொழிலாளர்களுக்காகப் பெருகிய ‘ஃபோயர்’ எனும் இல்லங்கள் இதன் முன்னோடி. 1992-இல் அந்த மாதிரி பிரிட்டனுக்குப் போனது. பிறகு ஆஸ்திரேலியாவில் படிப்பை மையமாக வைத்த ஃபோயர்கள் உருவாயின. படிக்கவோ வேலைக்கு முயலவோ வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

2. சிதறிய வீடுகள். சாதாரண வாடகைச் சந்தையில் ஒரு வீடு, வாடகையில் ஒரு பகுதிக்கு மானியம், வீடு தேடி வரும் பணியாளர். பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர் திட்டத்தில் உள்ளவர் என்பதே தெரியாமல் இருக்கலாம்.

3. வீட்டாரோடு தங்குதல். ஊரில் ஒரு குடும்பம் தன் வீட்டில் காலியாக உள்ள அறையைச் சில மாதங்களுக்குத் தருகிறது. அமைப்பு ஒன்று இருதரப்பையும் சரிபார்த்து நடுவில் நிற்கிறது.

எது நல்லது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. தனியாக இருந்தால் மனம் உடைந்துபோகும் ஒருவருக்குச் சிதறிய வீடு தண்டனையாகிவிடும். விடுதி வாழ்க்கையில் அடிபட்ட இன்னொருவர் ஊழியர் அமர்ந்திருக்கும் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கவே மறுப்பார்.

பெரியவர்களுக்கான திட்டம் இளையோருக்குப் பொருந்துமா?

நியூயார்க்கில் 1992-இல் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய அமைப்பு ஒன்று, அதுவரை இருந்த நடைமுறையைத் திருப்பிப் போட்டது. குடியை நிறுத்து, மருந்தைச் சாப்பிடு, பிறகு வீடு என்பது பழைய வரிசை. முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு, மற்ற உதவிகளை அவர் விருப்பப்படி தரலாம் என்றார் செம்பெரிஸ். ‘வீடு முதலில்’ என்ற அணுகுமுறை பிறந்தது இப்படித்தான்.

கனடா இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொரன்டோ, மான்ட்ரியால், மாங்டன் ஆகிய ஐந்து நகரங்களில், மனநலப் பாதிப்பும் வீடின்மையும் சேர்ந்த 2,000-க்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் இரு தரப்பாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்கு ‘வீடு முதலில்’, மறு தரப்புக்கு வழக்கமான சேவைகள். அவர்களில் 18 முதல் 24 வயதுக்கு உட்பட்ட 156 பேரின் தரவைத் தனியே பிரித்து ஆராய்ந்த கட்டுரை 2016-இல் வெளியானது. ‘வீடு முதலில்’ தரப்பில் இருந்த இளைஞர்கள் 65 சதவீத நாட்கள் நிலையான வீட்டில் இருந்தார்கள். மறு தரப்பினர் 31 சதவீத நாட்கள்.

இரண்டு மடங்குக்கு மேல். மிக நல்ல செய்தி. ஆனால் அதே எண்ணின் இன்னொரு பக்கமும் இருக்கிறது: வீடும் உதவியும் கிடைத்த பிறகும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாட்கள் நிலையான வீட்டில் கழியவில்லை. இளையோரின் தேவைக்கு ஏற்ப மாதிரியை மாற்றினால் பலன் கூடுமா என்று மேலும் ஆராய வேண்டும் என அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

எதை மாற்றுவது? இங்கேதான் வயது குறுக்கே வருகிறது. நாற்பது வயதில் வீட்டை இழந்தவர் முன்பு எப்போதோ வாடகை கட்டியிருப்பார், சமைத்திருப்பார், மின்கட்டணம் செலுத்தியிருப்பார். 17 வயதில் வீட்டைவிட்டு வந்தவர் இழந்தது அவர் பெயரில் இருந்த வீட்டை அல்ல, தன்னை வளர்த்தவர்களின் வீட்டை. அவருக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட ஆளில்லை, அட்வான்ஸ் கொடுக்கப் பணமில்லை, பழைய வாடகைச் சான்று எதுவும் இல்லை. படிப்பு பாதியில் நிற்கிறது. கனடாவில் 1,103 இளைஞர்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், 40.1 சதவீதம் பேர் முதன்முதலாக வீடிழந்தபோது 16 வயதுகூட நிரம்பாதவர்கள். 57.8 சதவீதம் பேருக்கு வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தைகள் நலத்துறையோடு தொடர்பு இருந்திருக்கிறது. அரசுப் பராமரிப்பில் வளர்ந்த அமெரிக்க இளைஞர்களை மூன்று மத்திய மேற்கு மாநிலங்களில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு, 26 வயதுக்குள் அவர்களில் 31 முதல் 46 சதவீதம் பேர் ஒருமுறையாவது வீடில்லாமல் இருந்திருப்பார்கள் என மதிப்பிட்டது.

இதையெல்லாம் கணக்கில் கொண்டு கனடிய ஆய்வாளர்கள் ‘இளையோருக்கு வீடு முதலில்’ என்று தனி வழிகாட்டுதலை உருவாக்கினார்கள். முன்நிபந்தனை இல்லாத வீடு, இளைஞரின் சொந்தத் தேர்வு, அவர் வளர்ச்சிக்கு உதவும் நோக்கு, ஆளுக்கேற்ற காலவரம்பற்ற துணை, சமூகத்தோடு இணைதல் என ஐந்து கொள்கைகள் அதில் உண்டு. கடைசி இரண்டும் காகிதத்தில் எழுதுவதற்கு எளியவை. நடைமுறையில் அவை என்ன என்பதை வெளியிலிருந்து யூகிக்க முடியாது.

எண்ணிக்கையிலேயே தொடங்கும் பிழை

எத்தனை வீடு தேவை என்பதற்கு முதலில் எத்தனை பேர் வீடில்லாமல் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஜனவரி மாதத்தின் கடைசிப் பத்து நாட்களுக்குள் ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து, தங்குமிடங்களிலும் தெருக்களிலும் இருப்பவர்களை எண்ணுகிறார்கள். பெரியவர்களுக்கே இந்த முறையில் விடுபடுதல் அதிகம். இளையோர் விஷயத்தில் அது இன்னும் மோசம்.

காரணம் எளிது. இளைஞர்கள் தெருவில் படுப்பதைக் கூடுமானவரை தவிர்க்கிறார்கள். நண்பன் வீட்டு சோஃபாவில் இரண்டு இரவு, அத்தை வீட்டில் ஒரு வாரம், பிறகு வேறொரு அறை, எங்கும் கிடைக்காத இரவில் ஓடிக்கொண்டே இருக்கும் பேருந்து. பெரியவர்கள் கூடும் தங்குமிடங்களுக்குப் போகப் பயம். தெருவில் நின்றாலும் வீடில்லாதவர் என்று தெரியாதபடி உடுத்தியிருப்பார்கள். எண்ண வருபவர் அவர்களைக் கடந்து போய்விடுவார்.

இதில் சட்டக் குழப்பமும் சேர்கிறது. 1987-இல் வீடற்றோருக்காக வந்த மெக்கின்னி–வென்டோ சட்டத்தின் கல்விப் பிரிவின்படி, வீட்டை இழந்து இன்னொரு குடும்பத்தோடு நெருக்கியடித்துத் தங்கும் மாணவர் வீடற்றவர்தான். வீட்டுவசதித் துறையின் ஓர் இரவுக் கணக்கில் அவர் வரமாட்டார். ஒரே பெண், பகலில் பள்ளிப் பதிவேட்டில் வீடற்றவர். இரவில் அரசுக் கணக்கில் அப்படி ஒருவரே இல்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாபின் ஹால் ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. தேசிய அளவில் 26,000-க்கும் மேற்பட்டோரிடம் தொலைபேசியில் கேட்டு, நிலையான இடமின்றி வீடு வீடாக மாறித் தங்குவதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 18 முதல் 25 வயதுக்கு உட்பட்டவர்களில் 10-இல் ஒருவர், 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 30-இல் ஒருவர், ஒரே ஆண்டுக்குள் ஏதோ ஒரு வகை வீடின்மையைச் சந்தித்திருந்தார்கள். இதோடு 22 மாவட்டங்களில் நேரடிக் கணக்கெடுப்பும் நடந்தது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் தேட வேண்டும் என்று வழிகாட்டியதில் அந்த அனுபவம் உள்ள இளைஞர்களுக்கும் பங்கு இருந்தது. எந்தத் துரித உணவகம் இரவு முழுக்கத் திறந்திருக்கும், எந்த நூலகத்தில் விரட்டமாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பங்கேற்பு ஆய்வு: எது உண்மை, எது பெயரளவு?

மக்களை வெறும் தகவல் தருபவர்களாக வைத்துக்கொள்ளாமல், கேள்வியைத் தீர்மானிப்பதிலிருந்து முடிவைப் பயன்படுத்துவது வரை பங்காளிகளாக்குவது சமூகப் பங்கேற்பு ஆய்வு. அதன் வேர்களில் ஒன்று உளவியலாளர் கர்ட் லெவின் 1940-களில் முன்வைத்த ‘செயல் ஆய்வு’. 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ்ப்படிகளில் மக்களைத் தங்கள் விருப்பத்துக்கு வளைப்பது, நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, மேலே அதிகாரத்தைப் பகிர்வது. 1992-இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் ரோஜர் ஹார்ட் இதையே குழந்தைகள், இளையோருக்கு ஏற்றபடி அமைத்தார். நிகழ்ச்சிக்கான சட்டையைப் போட்டுவிட்டு ஓர் இளைஞரைப் பாடவோ ஆடவோ வைத்து, அது எதைப் பற்றியது என்பதையே அவருக்குச் சொல்லாமல் இருப்பது ஹார்ட்டின் ஏணியில் ‘அலங்காரம்’.

இளையோர் வீட்டு ஆய்வில் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

1. கேள்வியை யார் எழுதினார்கள்? நிதி வந்து, வடிவம் முடிவான பிறகு இளைஞர்களை அழைத்தால், மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

2. பணம் எப்படிப் போகிறது? பேராசிரியருக்குச் சம்பளம், இளைஞருக்குப் பரிசு அட்டை என்றால் அது கூட்டு வேலை ஆகாது. ஆய்வில் வேலை செய்யும் அந்த இளைஞருக்கு, அதாவது சக ஆய்வாளருக்கு, மணிக்கூலி அல்லது மாதச் சம்பளம் வேண்டும். கையில் காசு வந்தால் அவருக்குக் கிடைக்கும் அரசு உதவி குறைந்துவிடுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். பல திட்டங்கள் கோட்டைவிடும் இடம் இது.

3. தரவு யாரிடம் இருக்கும்? கனடாவின் பழங்குடி மக்கள் 1998-இல் வகுத்த நெறி இதற்கு நல்ல அளவுகோல்: உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். தங்களைப் பற்றிய தரவு இந்த நான்கு வகையிலும் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்றார்கள். வெளியார் வந்து எடுத்துப் போன ஆய்வுகளால் பட்ட அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது.

4. முடிவு கசப்பாக இருந்தால் யார் தடுக்க முடியும்? வீட்டை நடத்தும் அமைப்பே ஆய்வுக்கும் பங்காளி என்றால், இதை எழுத்தில் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க வீட்டுவசதித் துறை 2017-இல் முதல் கட்டமாக 10 பகுதிகளுக்கு நிதி ஒதுக்கிய இளையோர் வீடின்மை முன்னோட்டத் திட்டத்தில், ஒவ்வொரு பகுதியும் ‘இளையோர் செயற்குழு’ ஒன்றை அமைத்தே ஆக வேண்டும் என விதித்தது. கருத்துக் கேட்பது விருப்பமாக இருந்த நிலை மாறி நிபந்தனையானது பெரிய விஷயம். விதி இருப்பதாலேயே குழு மேல்படிக்குப் போய்விடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வித்தாளை வைத்துப் பார்த்தால்

பங்கேற்பு முடிவை எப்படி மாற்றும் என்பதைச் சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். வழக்கமான கேள்வித்தாளில் இப்படி ஒரு கேள்வி இருக்கும்: “கடந்த 12 மாதங்களில் நீங்கள் எத்தனை முறை வீடற்றவராக இருந்தீர்கள்?” நண்பர்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கிய ஒருவர் இதற்கு “ஒருமுறைகூட இல்லை” என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. தன்னை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை, நினைக்கவும் விரும்பவில்லை. அந்தத் தாளைப் படித்துப் பார்க்கும் சக ஆய்வாளர், தானும் அப்படி இருந்தவர் என்பதால், வேறு மாதிரிக் கேட்கச் சொல்வார்: “போன ஏழு இரவுகளில் எங்கெங்கே படுத்தீர்கள்? அங்கே இன்னும் ஒரு மாதம் இருக்க முடியுமா? உங்கள் துணிகள், சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன?”

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். பை ஓரிடம், சான்றிதழ் இன்னோரிடம், படுக்கை மூன்றாமிடம் என்றால் அவருக்கு வீடு இல்லை. இரவுகளைப் பற்றிய கேள்விகளுக்கு எவ்வளவு சாமர்த்தியமாகப் பதில் சொன்னாலும் இந்த விடை காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வித்தாள் தவிர, கேமராவைக் கையில் கொடுத்து அன்றாட வாழ்வைப் படமெடுக்கச் சொல்லி, அந்தப் படங்களை வைத்துப் பேசும் முறையும் உண்டு. கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் 1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமப் பெண்களோடு வேலை செய்து உருவாக்கியது அது. வீட்டு ஆய்வுக்கு இது மிகப் பொருந்துகிறது. “உங்கள் அறை வசதியாக இருக்கிறதா” என்று கேட்டால் “இருக்கிறது” என்பார்கள். படமெடுக்கச் சொன்னால் உடைந்த தாழ்ப்பாளையும் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் விளக்கில்லாத சந்துப் பாதையையும் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

வீட்டு விதிகள்: இளைஞர்கள் வெளியேறும் வாசல்

துணைச்சேவைக் கட்டடங்கள் பலவற்றில் குடிவரும் நாளன்று ஒரு விதித்தாள் கையெழுத்தாகிறது. இரவு இத்தனை மணிக்குள் உள்ளே வர வேண்டும். விருந்தினர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும்; இரவு தங்கக் கூடாது. ஊழியர்கள் அறையைப் பார்வையிடலாம். மூன்று எச்சரிக்கை வந்தால் வெளியேற்றம். எழுதியவர்களின் நோக்கம் பாதுகாப்பு என்பதில் சந்தேகமில்லை. இரவில் யார் யாரோ வந்து போனால், வன்முறையிலிருந்து தப்பி வந்த ஒருவருக்கு அது கொடுமை.

ஆனால் அதே தாளை உள்ளேயிருந்து படித்துப் பாருங்கள். இரவு நேரக் கட்டுப்பாடு இருந்தால் கிடங்கில் இரவுப் பணி, உணவகத்தில் கடைசி ஷிஃப்ட் எதையும் எடுக்க முடியாது; அந்த வயதில், அந்தப் படிப்புக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் அந்த வேலைகள்தான். விருந்தினர் தங்கக் கூடாது என்றால், இன்னும் பழைய வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் தங்கை ஓடிவந்தால் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்த வேண்டும். அக்கா என்ன செய்வாள்? தங்கையோடு சேர்ந்து தானும் வெளியே போவாள். கோப்பில் அது “தானாக வெளியேறினார்” என்று பதிவாகும். அறைச் சோதனை, அரசு விடுதிகளில் வளர்ந்த ஒருவருக்கு, இதுவும் தன் வீடல்ல என்பதற்கான அத்தாட்சி.

நிர்வாகத் தரவில் “தானாக வெளியேறினார்”, “விதிமீறலால் வெளியேற்றப்பட்டார்” என்ற இரண்டு வகைகள் மட்டுமே இருந்தால், அந்தத் தரவை எத்தனை நுட்பமான புள்ளியியல் கொண்டு அலசினாலும் தங்கையின் கதை அதில் வராது. இளைஞர்கள் ஏன் போனார்கள் என்று போனவர்களிடமே கேட்க வேண்டும். அவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைக்க ஊழியரால் முடியாது, பழைய அறைத்தோழரால் முடியும். என் பார்வையில், பங்கேற்பு ஆய்வின் மிகப் பெரிய பயன் இதுதான். தற்போது குடியிருப்பவர்களின் திருப்தியை அளப்பதைவிட, வெளியேறியவர்களின் காரணங்களை அறிவதில் பல மடங்கு பாடம் இருக்கிறது. விதிகளை நீக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். குடியிருப்பவர்களே கூடி எழுதினால் அவர்களும் இரவு அமைதிக்கும் விருந்தினருக்கும் விதி வைப்பார்கள். தங்கை வந்தால் சில இரவுகள் தங்க வைக்க வழியும் அதில் இருக்கும்.

அக்கம்பக்கத்தார்: எதிரியா, பங்காளியா?

‘சமூகம்’ என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பது இந்த ஆய்வுகளில் ஒரு முடிச்சு. வீடு தேவைப்படும் இளைஞர்களும் சமூகம்தான், அந்தத் தெருவில் ஏற்கெனவே குடியிருப்பவர்களும் சமூகம்தான். இருதரப்பின் விருப்பமும் பல சமயம் மோதும். கட்டட அனுமதிக்கான கூட்டத்தில் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது தரப்பினர். அவர்களின் அச்சம் இரண்டு: சொத்து மதிப்பு விழும், குற்றம் பெருகும்.

இந்த அச்சங்களைச் சோதித்த ஆய்வுகள் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபர்மன் மையம், 25 ஆண்டுகளில் அந்த நகரில் உருவான ஏறத்தாழ 7,500 துணைச்சேவைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள சொத்து விற்பனை விலைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டது. 500 அடிக்குள் இருந்த சொத்துகளின் மதிப்பு, கட்டடம் திறந்த பிறகு வந்த ஆண்டுகளில் அதே பகுதியின் மற்ற சொத்துகளோடு ஒப்பிடும்போது சீராக உயர்ந்ததே தவிர விழவில்லை. அதே ஆண்டு டொரன்டோவில் வெல்லெஸ்லி நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, சமூகப் பங்கேற்பு முறையில் நடந்தது. அங்கிருந்த இரண்டு துணைச்சேவைக் கட்டடங்கள் சொத்து மதிப்பையோ குற்ற எண்ணிக்கையையோ பாதித்ததற்கான சான்று கிடைக்கவில்லை. இரண்டுமே பொதுவான துணைச்சேவை வீடுகளைப் பற்றியவை, இளையோருக்கென்றே கட்டியவை அல்ல. அந்த எல்லையோடு இவற்றைப் படிக்க வேண்டும்.

எண்களைக் காட்டி எதிர்ப்பாளர் வாயை அடைப்பதற்கு மட்டும் இந்த ஆய்வுகளைப் பயன்படுத்தினால் பாதி வேலைதான் நடக்கும். அக்கம்பக்கத்தாரிடம் இளைஞருக்குத் தேவையானது நிறைய இருக்கிறது: வேலைக்குச் சொல்லிவிடும் கடைக்காரர், உடம்பு சரியில்லாதபோது கதவைத் தட்டிப் பார்க்கும் முதியவர். சம்பளம் வாங்கும் பணியாளர் மாறிக்கொண்டே இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். கட்டடம் எழும் முன்பே அவர்களையும் இளைஞர்களையும் ஒரே ஆய்வுக் குழுவில் சேர்த்து, அந்தப் பகுதியில் எங்கே விளக்கு இல்லை, பேருந்துச் சேவை எத்தனை மணியோடு முடிகிறது, எந்த மைதானம் மூடிக் கிடக்கிறது என்று சேர்ந்து நடந்து வரைபடம் போட வைத்தால், யாரை வரவிடக் கூடாது என்ற பேச்சு, இந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்ற பேச்சாக மாற வாய்ப்பு உண்டு. மாறாமலும் போகலாம். அப்போது இளைஞர் தரப்பின் தேவைக்கே கூடுதல் எடை தர வேண்டும், ஏனென்றால் வீடு இல்லாமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறொரு சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய சோதனை ஒன்றில், ஐந்து நகரங்களின் ஏழைப் பகுதிகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களில் சிலருக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை மானியச் சீட்டு தரப்பட்டது. 13 வயதுக்குள் அப்படிக் குடிபெயர்ந்த குழந்தைகள் இருபதுகளின் நடுப்பகுதியில் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 2016-இல் காட்டினார்கள். அதைவிட வயது கூடியவர்களுக்கோ அந்தப் பலன் கிடைக்கவில்லை. சிறிது பாதகமாகவும் இருந்தது. உறவுகளிலிருந்து பிடுங்கப்படுவதன் இழப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். ஆகவே “நல்ல பகுதியில் வீடு” என்பதே இளைஞருக்கு நன்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. தெரிந்த முகங்கள் இருக்கும் பழைய பகுதியா, வசதியான புதிய பகுதியா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வால் வரும் ஆபத்துகள்

பங்கேற்பு என்ற பெயரிலும் தீங்கு நடக்கும். அதிகம் கவனிக்க வேண்டியவை இரண்டு.

1. ஒப்புதல். 18 வயதுக்குக் கீழே உள்ளவரை ஆய்வில் சேர்க்கப் பொதுவாகப் பெற்றோர் அனுமதி வேண்டும். பெற்றோரிடமிருந்து தப்பி வந்தவரிடம் அதைக் கேட்பது ஆபத்து. அமெரிக்க மத்திய விதிகள், புறக்கணிப்புக்கோ துன்புறுத்தலுக்கோ ஆளான சிறாரை உதாரணமாகச் சொல்லியே, மாற்றுப் பாதுகாப்போடு அந்த அனுமதியைத் தளர்த்த இடம் தருகின்றன. அதேநேரம் சிறார் துன்புறுத்தல் தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டிய கடமை பல இடங்களில் சட்டமாக இருக்கிறது. “நீங்கள் சொல்வது வெளியே போகாது” என்று சொல்லிவிட்டு, பிறகு புகார் செய்தால் அந்த இளைஞர் இனி எந்தப் பெரியவரையும் நம்பமாட்டார். எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2. துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. நிதி தருபவர் முன்னால், பத்திரிகையாளர் முன்னால், கருத்தரங்கில் எனத் தன் மோசமான நாட்களை ஓர் இளைஞர் மீண்டும் மீண்டும் விவரிக்க நேர்கிறது. அழிவை மட்டுமே காட்டும் ஆய்வு அந்தச் சமூகத்துக்கே கேடு என்று ஆய்வாளர் ஈவ் டக் 2009-இல் வாதிட்டார். சக ஆய்வாளருக்குத் தன் கதையைச் சொல்லாமல் இருக்கும் உரிமை வேண்டும். அவரை எடுத்திருப்பது அவர் அறிவுக்காக.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது என்பதும் இதோடு சேர்ந்தது. 20 பேர் இருக்கும் கட்டடத்தில் “இரட்டையரில் ஒருவர்” என்று எழுதினாலே ஊழியருக்கு ஆள் தெரிந்துவிடும்.

இது அறிவியல்தானா?

சக ஆய்வாளர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களையே பேட்டி எடுப்பார்கள், தங்களுக்கு வேண்டிய பதிலையே கேட்பார்கள் என்ற விமர்சனம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஒரு நண்பர் வட்டத்தின் அனுபவம் மொத்த இளையோரின் அனுபவம் ஆகிவிடக் கூடாது. பேட்டிப் பயிற்சி, ஒரே பேட்டியை இருவர் தனித்தனியே பகுத்து ஒப்பிடுவது, வெவ்வேறு வழிகளில் ஆள் சேர்ப்பது எனப் பிழையைக் குறைக்கும் நடைமுறைகள் இருக்கின்றன. ஊழியர் பேட்டி எடுக்கும்போதும் சார்பு வருகிறது என்பதை மறந்துவிட வேண்டாம்: அறை தருபவர் கேட்டால் எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்றுதான் பதில் வரும்.

பங்கேற்பும் குலுக்கல் சோதனையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கனடாவின் ஐந்து நகரச் சோதனையிலேயே, வீடின்மையையும் மனநலப் பாதிப்பையும் வாழ்ந்து அறிந்தவர்களின் தேசியக் குழு ஒன்று ஆலோசகராக இருந்தது. எவ்வளவு மாற்றம் என்பதைச் சோதனை சொல்லும். எந்த மாற்றத்தை அளக்க வேண்டும் என்பதை வாழ்ந்தவர்கள் சொல்ல வேண்டும். நிர்வாகம் “எத்தனை மாதம் தங்கினார்” என்று எண்ணும். இளைஞரோ “சாப்பாட்டுக்கு யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட முடிகிறதா” என்பதை எண்ணச் சொல்லலாம். இரண்டையும் ஒரே கேள்வித்தாளில் வைக்கலாம்.

கால எல்லை என்ற பெரிய ஓட்டை

அமெரிக்க மத்திய நிதியில் நடக்கும் இடைக்கால வீட்டுத் திட்டங்களில் ஒருவர் தங்கும் காலம் பொதுவாக அதிகபட்சம் 24 மாதம். 18 வயதில் உள்ளே வந்தவர் 20 வயதில் வெளியே போக வேண்டும். அந்த வயதில் குடும்பத்தின் துணையில்லாமல் முழு வாடகையையும் தனியாகக் கட்டுபவர் எத்தனை பேர்? ஆய்வுக்கும் இதே நோய்தான். நிதி சில ஆண்டுகளுக்கே வரும். முதல் ஆண்டு உறவை வளர்ப்பதிலும் ஒப்புதல் வாங்குவதிலும் போகும். கடைசி ஆண்டு எழுதுவதில் போகும். நடுவில் கிடைக்கும் காலத்தில் அளப்பது பெரும்பாலும் இளைஞர் இன்னும் திட்டத்துக்குள் இருக்கும் நாட்களைத்தான். மானியம் நின்ற மாதத்தில் என்ன நடந்தது, அதற்கு அடுத்த ஆண்டு எங்கே இருந்தார் என்பது தெரியாமலேயே “வெற்றி” என்று அறிக்கை வந்துவிடுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. வெளியேறிய பிறகான பின்தொடர்தலுக்கென்று தொடக்கத்திலேயே தனி நிதி ஒதுக்க வேண்டும். தொலைபேசி எண் மாறினாலும் தொடர்பு அறாமலிருக்க, அந்தப் பொறுப்பைச் சம்பளத்தோடு பழைய குடியிருப்பாளர்களிடமே கொடுக்க வேண்டும். முடிவுகள் பல்கலைக்கழக இதழில் வருவதற்கு முன்பே கட்டடத்தின் பொதுச் சமையலறையில் வாசிக்கப்பட வேண்டும். அங்கே கேட்பவர்கள் “இது சரி, இது தவறு, இதை விட்டுவிட்டீர்கள்” என்று சொல்ல வேண்டும், அது எழுத்தில் பதிவாக வேண்டும். அடுத்த முறை இப்படி ஓர் ஆய்வின் முடிவு செய்தியில் வரும்போது, சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்த மாதத்தில் எடுத்த சதவீதம் என்று பாருங்கள்: வாடகை மானியம் நிற்பதற்கு முன்பா, பின்பா.